உழைப்பின் ஒளிச்சுடரைப் படித்தவர்கள்

ஜனவரி 6, திங்கள்

காலைப் பிரேயரில் என் பெயரைச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, நாகஜோதி. திட்டுவதற்கு இல்லை, பாராட்டுவதற்கு. மதுரையில் கதிரொளி வாசகர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘என்னைக் கவர்ந்த நூல்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து போன என் கட்டுரை இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. 25ஆம் தேதி மதுரைக்குப் போய், மேடையில் நின்று, அந்தப் புத்தகத்தைப் பற்றி என் சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டுரையில் என் சொந்தக் கருத்து என்று ஒரு வரிகூடக் கிடையாது. பப்ளிக் பரீட்சையில் ‘நீ படித்த நூலுக்கு மதிப்புரை எழுதுக’ என்று ஒரு கேள்வி வரும். அதற்கு எங்கள் தமிழ் மிஸ் எமல்டா ஒரு விடை எழுதிக் கொடுத்திருக்கிறார். நூல், உழைப்பின் ஒளிச்சுடர். ஆசிரியர், முனைவர் சே. கதிரோவியன். மொழிநடை தெளிந்த நீரோடை போன்றது. முடிவு நெஞ்சை உருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வகுப்பில் எல்லாரும் ஒப்பிப்போம். போட்டி என்றதும் மிஸ் எங்கள் எல்லாரையும் அதையே எழுதச் சொல்லி, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னுடையதை எடுத்து அனுப்பினார்.

“வரும்போது அந்த நூலைக் கையில் கொண்டு வர வேண்டும்” என்று ஹெச்.எம். மைக்கில் வாசித்தார். நான் எமல்டா மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ராஜாத்திச் சித்தியிடம் சொன்னேன். சித்தி எங்களோடுதான் இருக்கிறாள், ஜாக்கெட் தைக்கிறாள். மாதாமாதம் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கொலைக்கதை வாங்குவாள். அவள் ஹூக் வைக்கும்போது நான் சத்தமாக வாசிப்பேன், கதையைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போடுவோம். இந்த மாதம் ‘மேகலா இன்னும் சாகவில்லை’.

“பரிசு வாங்குற புள்ள படிக்கிற புக்காடி இது?” என்று சித்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மிஸ்ஸிடம் புத்தகத்தைக் கேட்டேன். “எங்க வீட்லதான் எங்கயோ கிடக்கும்மா, தேடிப் பாக்குறேன்” என்றார். சாயங்காலம் மறுபடி கேட்டேன். “எங்க அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாரு போல” என்றார்.

மிஸ்ஸுக்கு அண்ணன் கிடையாது. ஒரே ஒரு தங்கை, ஆறாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்தவர். அவசரத்தில் ஏதோ சொல்லியிருப்பார்.

ஜனவரி 8, புதன்

கட்டுரை நோட்டுகளைக் கொண்டுபோய் ஸ்டாஃப் ரூமில் வைக்கப் போனேன். உள்ளே ஹெச்.எம். எமல்டா மிஸ்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை, உள்ளே போகப் பயம்.

“பெரிய தமிழய்யா மே மாசம் ரிட்டயர்டு ஆகுறாரு. அந்த போஸ்டிங்குக்கு உங்க பேரைச் செயலர்கிட்ட சொல்லணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும் எமல்டா. மதுரையில ப்ரைஸ் வந்துச்சுன்னா அதைச் சொல்லிக் கேட்டுருவேன். வரலைன்னா எனக்குத் தெரியாது.”

மிஸ் எங்கள் பள்ளியில் நிரந்தரம் இல்லை. நிர்வாகம் கையிலிருந்து சம்பளம் கொடுக்கிற டீச்சர். எத்தனையோ வருஷமாக அப்படியே இருக்கிறார். இனிமேல் அவருடைய வேலை என் வாயில் இருக்கிறது. நோட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பள்ளி விட்டதும் கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் பெயரைக் கேட்டுவிட்டு, “கதிரோவியனா? அப்படி யாரும் இல்லையேம்மா” என்றார். இந்தச் சின்ன நூலகத்தில் எல்லாம் இருக்குமா என்ன? பஸ் ஸ்டாண்டு கடைக்காரரும் கையை விரித்தார்.

சித்தியின் போனில் தேடினேன். வந்தது. ஆனால் புத்தகம் வரவில்லை. வேறு வேறு பள்ளிகளின் மாதிரி விடைத்தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே நூல், அதே நீரோடை, அதே நெஞ்சை உருக்கும் முடிவு. இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றால் நல்ல புத்தகமாகத்தான் இருக்கும். எங்கோ கிடைக்காமலா போகும்?

இன்று துணைப்பாடத்தில் ஒரு கதை நடத்தினார்கள். கதையை நாங்கள் வாசிக்கவேயில்லை. ‘இக்கதையின் நாயகி நம் உள்ளத்தில் நீங்கா இடம்பெறுகிறாள்’ என்று கருத்தை மட்டும் எழுதிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் கருத்து முதலில் வருகிறது, கதை வந்தாலும் வரும், வராமலும் போகும். வீட்டில் மேகலா கதையை வாசித்துக்கொண்டே வந்தபோது, மேகலாவின் அக்கா பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பாதியிலேயே தோன்றிவிட்டது. அதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜனவரி 11, சனி

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் மிஸ் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். எல்லாரும் போகும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“ஜோதி, சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு புக்கே இல்லடி.”

நான் தோளிலிருந்த பையை இறக்கி பெஞ்சில் வைத்தேன்.

“உங்களுக்கு முந்தி படிச்ச செட்டுக்காக எழுதினது. ஒருத்தியும் ஒரு புக்கும் படிச்சிருக்க மாட்டாளுக. கேள்வியை அப்படியே விட்டுட்டு வந்துருவாளுக. சரி, நாமளே ஒரு பேரைப் போட்டு எழுதிக் குடுப்போம்னு குடுத்தேன். எல்லாருக்கும் ஃபுல் மார்க். அதை டீச்சர்ஸ் வாட்ஸாப் குரூப்ல ஒருத்தி போட, ஊரெல்லாம் போயிருச்சு. போட்டிக்கு அனுப்பினா மதுரைக்கே கூப்பிடுவாங்கன்னு சத்தியமா நினைக்கலடி.”

“அப்ப கதிரோவியன்?”

“நம்ம காம்பவுண்டுச் சுவர்ல ஓவியம் வரைஞ்சாங்கல்ல, அன்னைக்கு வெயில் வேற. வாயில வந்துச்சு.”

மிஸ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார். பெரியவர்கள் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு என் பயத்தைவிட அவருடைய பயம்தான் பெரிய பயமாக இருந்தது.

“பேரைக் குடுத்தாச்சு, இனி வாபஸ் வாங்கினா ஏன்னு கேப்பாங்க. நான் பாத்துக்கிறேன். நீ பேச மட்டும் செய்” என்றார்.

எனக்கு நூலகர் சொன்னபோதே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தொண்டைக்குள் இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் ஹால் டிக்கெட்டை நிறுத்துவார்களா? பத்தாம் வகுப்பையே எழுத விடமாட்டார்களா? யாரிடம் கேட்பது?

“என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றாள் சித்தி. மேகலா கதையில் டாக்டர் செத்துப்போனது வருத்தமாக இருக்கிறது என்றேன். “அவன் செத்தது நல்லதுதான், எனக்கு அவனைப் பிடிக்கவே இல்ல” என்று சித்தி ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

மிஸ் ‘புத்தகம்’ கொண்டு வந்து கொடுத்தார். நாங்கள் பாடப் புத்தகத்துக்குப் போடுவது மாதிரி பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அதில் ‘உழைப்பின் ஒளிச்சுடர்’ என்று அழகாக எழுதியிருந்தார். உள்ளே இருப்பது மிஸ்ஸின் பி.எட். புத்தகம், கல்வி உளவியல். “திறக்காத. கையில வச்சுக்கிட்டு நிமிந்து நின்னு பேசு. யாரும் வாங்கிப் பாக்க மாட்டாங்க” என்றார்.

மதிய இடைவேளையில் நாலு தடவை ஒத்திகை பார்த்தோம். நான்காவது தடவை நானே ஒரு பாத்திரத்தைச் சேர்த்துப் பேசினேன். நாயகனுக்கு ஒரு வாய் பேசாத தங்கை. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்குடி, வச்சுக்கோ” என்றார். இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வருகிறது என்பது இன்றுதான் தெரிந்தது. அதை நினைத்தால் தனியாக ஒரு பயம்.

ஜனவரி 24, வெள்ளி

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய் இல்லை.

ஜனவரி 25, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

அது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. மேடையில் யாருடைய ரிசப்ஷனுக்கோ போட்ட துணி அலங்காரத்தைக் கழற்றாமலே நடுவர்களை உட்கார வைத்திருந்தார்கள். மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், நல்ல மனிதர் மாதிரி முகம்.

எனக்கு முன்னால் இன்னொரு பள்ளியிலிருந்து யாழிசை என்று ஒரு பெண் பேச வந்தாள். அவள் கையில் பிரவுன் அட்டை போட்ட புத்தகம். “என்னைக் கவர்ந்த நூல், முனைவர் சே. கதிரோவியன் அவர்கள் எழுதிய உழைப்பின் ஒளிச்சுடர்” என்றாள்.

என் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். பக்கத்தில் மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாழிசை நன்றாகப் பேசினாள். நாயகன் பெயர் முத்தையாவாம். தீப்பெட்டி ஆலையில் வேலையாம். கடைசியில் தீப்பிடித்தபோது எல்லாரையும் காப்பாற்றிவிட்டு அவன் செத்துப்போகிறானாம். மிஸ்ஸின் விடையில் முத்தையாவும் இல்லை, ஆலையும் இல்லை.

அவள் முடித்ததும் நடுவில் இருந்த நடுவர் மைக்கை இழுத்துக்கொண்டார். “மிக அருமையான நூல். வெளிவந்த புதிதிலேயே நான் வாசித்துவிட்டேன். அந்தத் தீ விபத்து அத்தியாயத்தை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை” என்றார்.

ஒரு நிமிஷம், புத்தகம் நிஜமாகவே இருக்கிறதோ என்று நினைத்தேன். மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். மிஸ் கர்ச்சீப்பால் வாயை மூடியிருந்தார். அப்போதுதான் புரிந்தது. சாப்பாடு இறங்காமல் இத்தனை நாள் கிடந்தது நான். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்கிறார், மண்டபமே தலையாட்டுகிறது. பேய்க் கதையில்கூட எனக்கு இப்படிக் கை சில்லிட்டது இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். நூலின் பெயரைச் சொன்னதுமே, “அடடே, இவரும் அதே நூலா!” என்று நடுவர் சந்தோஷப்பட்டார். “அப்படியானால் உனக்கு ஒரு கேள்வி அம்மா. முத்தையா செத்திருக்க வேண்டுமா? உன் கருத்து என்ன?”

எனக்குப் பதில் வந்தது. சாக வேண்டியதில்லை, அவனுடைய வாய் பேசாத தங்கைக்காக அவன் பிழைத்திருக்கலாம் என்று அழகாகச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் கையை நீட்டினார்.

“புத்தகத்தைக் கொடும்மா. அந்தப் பக்கத்தை நான் இவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.”

கை நீண்டபடியே இருந்தது. நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். முன்வரிசையில் யாழிசை தன் புத்தகத்தைப் பாவாடைக்குக் கீழே தள்ளுவது தெரிந்தது. நான் கொடுத்துவிட்டால் அடுத்து அவளுடையதையும் கேட்பார்கள். மிஸ் இருந்த பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

“இது அந்தப் புக் இல்ல சார். நான் அதைப் படிக்கல. மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. “எங்க மிஸ்ஸுக்கு இது தெரியாது சார். மிஸ்ஸை ஏமாத்திட்டேன்.”

புத்தகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவர்தான் படித்துவிட்டாரே, இனி யார் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்?

நடுவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அவருக்கும் கொஞ்சம் நிம்மதி என்றுதான் எனக்குப் பட்டது. ஓரத்தில் இருந்த பெண் நடுவர் மட்டும், “சரிம்மா, அழாத. நீ நிஜமாவே படிச்ச புக்கு ஏதாவது உண்டா? அதைப் பத்திச் சொல்லு” என்றார்.

‘மேகலா இன்னும் சாகவில்லை’ என்றதும் மண்டபம் சிரித்தது. நான் சொன்னேன். மேகலாவின் அக்கா பொய் சொல்கிறாள் என்று முதல் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, அது எழுத்தாளரின் தப்பு. டாக்டரைச் சாகடித்தது அதைவிடத் தப்பு, அவரிடம் கேட்க இன்னும் கேள்விகள் பாக்கி இருந்தன. ஆனால் செத்துப்போனதாக நினைக்கப்பட்ட மேகலா தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, எல்லாரும் தன்னை மறந்துவிட்டுக் காபி குடிப்பதைப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு நான் நாள் முழுக்கச் சித்தியோடு பேசவில்லை. பேசி முடித்த பிறகுதான், பேசும்போது எனக்குப் பயமே இல்லை என்று தெரிந்தது. இறங்கும்போது திரும்ப வந்துவிட்டது.

முதல் பரிசு யாழிசைக்கு. எனக்கு எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னிடம் வந்தாள்.

“அந்த புக்கு உங்க ஊர்லயாச்சும் கிடைக்குமா? எங்க மிஸ் ஒரு பக்கம் ஜெராக்ஸ்தான் குடுத்தாங்க. முத்தையாவ நானா போட்டுக்கிட்டேன். நிஜத்துல கடைசியில என்னதான் ஆகுது?”

தெரியாது என்று சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மிஸ், பக்கத்தில் நான். திருமங்கலம் தாண்டியதும், “எனக்குத் தெரியாதுன்னு ஏன்டி சொன்ன?” என்றார்.

“உங்க வேலை போயிரும்னு பயமா இருந்துச்சு மிஸ்.”

மிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 27, திங்கள்

ஹெச்.எம். எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மதுரையிலிருந்து யாரோ போனில் சொல்லிவிட்டார்கள்.

“பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்ட. டீச்சரை ஏமாத்திட்டுப் போனேன்னு மைக்லயே சொல்லியிருக்க. நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா. டி.சி. வாங்கிட்டுப் போயிரு. பரீட்சையைப் பிரைவேட்டா எழுதிக்கலாம்.”

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மில்லில் லீவு போட்டுவிட்டு வந்து இங்கே நிற்பதை நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஹெச்.எம். மிஸ் பக்கம் திரும்பினார். “நீங்களும் கவனிக்கலையே எமல்டா. எவ்வளவு நல்ல புத்தகம்! நானே படிச்சிருக்கேன், எவ்வளவு நாளாச்சு. ஆண்டு விழாவுக்குள்ள நம்ம லைப்ரரிக்கு இருபது காப்பி வாங்கிப் போடுங்க. இதுகளும் படிக்கட்டும்.”

மிஸ் இருபது காப்பிக்குச் சரி மேடம் என்று சொல்லியிருந்தால் போதும். தப்பு என்னோடு போயிருக்கும். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

“அப்படி ஒரு புத்தகம் இல்ல மேடம்” என்றார் மிஸ். “நானா பேரைக் கற்பனை பண்ணி மாதிரி விடை குடுத்தது. அதைப் பேசச் சொன்னதும் நான்தான், அட்டை போட்டுக் குடுத்ததும் நான்தான். இவ எனக்காகப் பொய் சொல்லியிருக்கா. டி.சி. குடுக்கணும்னா எனக்குக் குடுங்க.”

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

“அப்ப நான் படிச்சது வேற புத்தகமா இருக்கும்” என்றார். “ரெண்டு பேரும் கிளாஸுக்குப் போங்க. இதைப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்.”

அம்மாவைக் கூட்டி வரச் சொல்லவில்லை. படியில் இறங்கினோம். மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

பிரேயரில் சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதத்திலிருந்து பெரிய தமிழய்யா இடத்துக்குப் புது டீச்சர் வருகிறார். “இவர் பயிற்சி கொடுத்த மாணவிதான் மதுரையில் உழைப்பின் ஒளிச்சுடர் பற்றிப் பேசி முதல் பரிசு பெற்றவர்” என்று ஹெச்.எம். வாசித்தார். யாழிசையின் மிஸ்தான். வாசிக்கும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எமல்டா மிஸ்ஸுக்கு வேலை மே மாதத்தோடு சரி. மிஸ்ஸும் கை தட்டினார். நான் தட்டவில்லை. நான் அந்த மேடையில் உண்மையை விழுங்கிவிட்டு நாலு பொய் சொல்லியிருந்தால் அந்த வேலை மிஸ்ஸுக்கு. ராத்திரி படுத்தாலும் இதுதான் வரப்போகிறது.

மூன்றாம் பீரியட் மிஸ் வந்து, நோட்டில் அந்த மதிப்புரையை ஸ்கேல் வைத்து அடிக்கச் சொன்னார். “பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. ஆளுக்கு ஒரு புக்காவது படிங்க. எதுவா இருந்தாலும் சரி. படிச்சிட்டு என்ன தோணுதோ அதை எழுதுங்க.”

வகுப்பே கலங்கிவிட்டது. “மார்க் போயிரும் மிஸ்.” “புக்கு எங்கள்ட்ட இல்லையே மிஸ்.” “நல்லா இருக்குன்னு எழுதணுமா, இல்லைன்னு எழுதணுமா மிஸ்?” கடைசி பெஞ்சில் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“எனக்கும் பயம்தான். நானும் புக்கு படிச்சுப் பல வருஷமாச்சு” என்றார் மிஸ். “யாராவது ஒரு புக்கு வச்சிருந்தா குடுங்க. இப்பவே ஆரம்பிக்கிறேன்.”

என் பைக்குள் இந்த மாதக் கொலைக்கதை இருந்தது. பள்ளிக்கு அதைக் கொண்டுவந்தால் சஸ்பெண்டு. அட்டையில் ரத்தம் சொட்டுகிற கத்தரிக்கோல் வேறு. எடுத்துக் கொடுத்தேன். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். பாதியில் ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வந்து எங்கள் ஜன்னலில் நின்றார். மிஸ் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னார், புத்தகத்தை மறைக்கவில்லை. ஹெச்.எம். கொஞ்ச நேரம் அந்தக் கத்தரிக்கோலையே பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மணி அடித்ததும் மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

“ஜோதி, அந்த டிரைவர்தான் கொன்னுருப்பான்னு எனக்குத் தோணுது.”

“எப்படி மிஸ்?”

“மழையில நடந்து வந்தேன்கிறான். ஆனா வாசல்ல கிடக்குற அவன் செருப்பு காஞ்சிருக்குன்னு முன்னாடியே எழுதியிருக்காங்க பாரு.”

மிஸ் சொன்னது தப்பு. டிரைவர் கொல்லவில்லை. ஆனால் அந்தச் செருப்பை நானும் கவனிக்கவில்லை, சித்தியும் கவனிக்கவில்லை. மிஸ்ஸே படித்து, மிஸ்ஸே கண்டுபிடித்தது. “முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க மிஸ்” என்று மட்டும் சொன்னேன். அப்புறம் என் இடத்துக்கு வந்து, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.